வழிக்காவல் கிடைக்கவில்லை

2020 நவம்பர் 6 அன்று மும்பையில் உள்ள சிறப்பு நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. மனுதாரருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயால் கைகள் நடுங்குவதால் அவரால் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. கைதின்போது எடுத்துக்கொண்ட உறிஞ்சுகுழலையும் மூடியிட்ட சிப்பர் குவளையையும் திருப்பித் தரவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. பதில் சொல்வதற்குத் தேசியப் புலனாய்வு முகமைக்கு 20 நாள் தேவைப்பட்டது. நவம்பர் 26 அன்று வந்த பதில், அப்படிப்பட்ட பொருள்களை நாங்கள் எடுக்கவேயில்லை என்பது. மனு தள்ளுபடியானது. செய்தி வெளியே பரவி, பலர் அவர் இருந்த தலோஜா சிறையின் முகவரிக்குக் கூரியரில் சிப்பர்களை அனுப்பத் தொடங்கிய பிறகு, சிறை நிர்வாகம் அவருக்கு ஒன்றைக் கொடுத்தது.

அந்த மனுதாரர் ஸ்டேன் சுவாமி. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-ல் பிறந்தவர். சேசு சபைப் பாதிரியார். வாழ்நாளின் பெரும்பகுதியை ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு கழித்தவர். விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களைப் பற்றி ஆய்வு செய்து, பொதுநல வழக்கும் தொடுத்தவர். பீமா கோரேகான் வன்முறை வழக்கில் ஊபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தின்கீழ் 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைதானார். ஒன்பது மாதங்களுக்குள் அவரே ஒரு விசாரணைக் கைதியாக இறந்துபோனார்.

சிறைப்பட்ட பத்திரிகையாளர்களுக்கும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களுக்கும் மருத்துவம் மறுக்கப்படும் பிரச்சினையைப் பார்க்க இந்தச் சிப்பர் நல்ல தொடக்கம். எந்த நாட்டுச் சிறையிலும் ‘சிகிச்சை தர மறுக்கிறோம்’ என்று யாரும் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை. சிறை மருத்துவர் வலி மாத்திரை கொடுத்து அனுப்புவார். வலி தொடர்ந்தால் வெளி மருத்துவமனைக்குப் பரிந்துரை எழுதுவார். அன்றைக்கு வழிக்காவலுக்கு ஆயுதப்படைக் காவலர் கிடைக்க மாட்டார்கள். வாங்கிய தேதி போய்விடும், அடுத்த தேதி ஒரு மாதம் தள்ளி வரும். நீதிமன்றத்துக்குப் போனால் சிறையிடம் அறிக்கை கேட்பார்கள். கைதியின் உடல்நிலை சீராக இருப்பதாகச் சிறை எழுதும். இதில் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கும், ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நம்பத்தக்கதாகவும் இருக்கும். ஆகவே ‘யார் மறுத்தார்’ என்று தேடிப் பயனில்லை. ‘ஒரு கைதி நோயாளியா இல்லையா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஊருக்கு ஊர் சட்டமும் ஆட்சியும் மாறினாலும் இதற்கான விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பது எனக்கு இந்த ஆய்வில் தெரியவந்த முக்கியமான விஷயம். பூட்டிவைப்பவரே நோயையும் அளக்கிறார்.

இந்தியாவில் இது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் ஒவ்வொரு சிறைக்கும் ஒரு கண்காணிப்பாளரும் ஒரு மருத்துவ அலுவலரும் வேண்டும் என்கிறது. அந்த மருத்துவ அலுவலர் கண்காணிப்பாளராகவே இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. வேறொருவராக இருந்தாலும், சிறையின் சுகாதார நிர்வாகத்தைக் கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே அவர் கவனிக்க வேண்டும். திருநெல்வேலி ராஜதுரோக வழக்கில் 1908-ல் தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா இந்தச் சட்டத்தின்கீழ்தான் சிறையிருந்தார். 1912-ல் வெளியே வந்தபோது அவருக்குத் தொழுநோய் கண்டிருந்தது. பிறகு அந்த நோயையே காரணம் காட்டி ரயிலில் ஏற்றவும் மறுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தச் சட்டம் முக்கால் நூற்றாண்டு நம் சிறைகளின் அடித்தளமாக நீடித்தது. 2023-ல்தான் ஒன்றிய அரசு ஒரு மாதிரிச் சட்டத்தைத் தயாரித்து, ஏற்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களிடம் விட்டது.

உலக அளவில் விதிகளுக்குக் குறைவில்லை. 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், வெளியில் உள்ள மக்களுக்குக் கிடைக்கும் தரத்திலேயே கைதிக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்கின்றன. மருத்துவ முடிவுகளை மருத்துவத் துறையினர் மட்டுமே எடுக்க வேண்டும், மருத்துவரல்லாத சிறை அலுவலர்கள் அதை மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது என்று 27-ஆவது விதி சொல்கிறது. விசாரணைக் கைதி, தகுந்த காரணமும் செலவுக்கு வழியும் இருந்தால், தன் சொந்த மருத்துவரை வரவழைத்துக்கொள்ளலாம் என்கிறது 118-ஆவது விதி. ஆனால் இவை மீறப்பட்டால் யாரையும் தண்டிக்க முடியாது. ஆகவே இவற்றைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

தலோஜாவுக்குத் திரும்பலாம். தெலுங்குக் கவிஞர் வரவர ராவும் அதே வழக்கில் அதே சிறையில் இருந்தார். 80 வயதை நெருங்கிய நிலையில் 2020 ஜூலையில் அவருக்குக் கோவிட் தொற்று உறுதியானது. நீண்ட இழுபறிக்குப் பிறகு, 2021 பிப்ரவரி 22 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் மருத்துவக் காரணங்களுக்காக அவருக்கு ஆறு மாதப் பிணை கொடுத்தது. அவரை மீண்டும் தலோஜாவுக்கு அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்பதையும், அங்குள்ள மருத்துவ வசதி அவருக்குப் போதாது என்பதையும் நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 22 அன்று, அதே சிறையில் இருந்த ஸ்டேன் சுவாமியின் பிணை மனுவைச் சிறப்பு நீதிமன்றம் நிராகரித்தது. சமூகத்தின் கூட்டு நலன் அவருடைய தனிமனிதச் சுதந்திரத்தைவிடப் பெரியது, முதுமையும் நோயும் அவருக்குச் சாதகமாக அமையாது என்பது அந்த உத்தரவின் சாரம். 80 வயதுக்காரருக்குப் போதாத சிறை மருத்துவமனை 83 வயதுக்காரருக்கு எப்படிப் போதுமானதாகும் என்பதற்கு அதில் விளக்கம் இல்லை. தலோஜாவில் ஆயுர்வேத மருத்துவர்கள் மட்டுமே இருக்கிறார்கள், அலோபதி மருத்துவர் இல்லை என்பதை அவருடைய வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னார்கள்.

மே 21 அன்று அவர் காணொலி வழியாக உயர் நீதிமன்றத்தின் முன் வந்தார். சிறைக்கு வந்தபோது தானே நடந்ததையும் குளித்ததையும் சாப்பிட்டதையும், எட்டு மாதத்தில் ஒவ்வொன்றாக இழந்துவருவதையும் நீதிபதிகளிடம் சொன்னார். ஜே.ஜே. மருத்துவமனைக்குப் போகிறீர்களா என்று கேட்டதற்கு மறுத்தார். அங்கு ஏற்கெனவே போய்வந்தவர் அவர். இப்படியே போனால் சீக்கிரம் இறந்துவிடுவேன், அதற்குள் ராஞ்சியில் என் மக்களோடு இருக்க இடைக்காலப் பிணை கொடுங்கள் என்பதே அவர் வேண்டுகோள். மே 28 அன்று பாந்த்ராவில் உள்ள ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்கு அவரை மாற்ற உத்தரவானது. அங்கே போன பிறகுதான் அவருக்குக் கோவிட் இருப்பது தெரிந்தது. ஜூலை 5 அன்று அவருடைய பிணை மனு விசாரணைக்கு வந்தபோது, மருத்துவர் நீதிமன்றத்தில் மரணச் செய்தியைச் சொன்னார். குற்றச்சாட்டுகள்கூட அப்போது பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. இந்தியச் சிறைகளில் எல்லாருக்கும் இதே கதிதானே, செயற்பாட்டாளர்களை மட்டும் தனியாகப் பேசுவது ஏன்? கொள்ளளவை மீறிய கூட்டம், நிரப்பப்படாத மருத்துவர் பணியிடங்கள், பற்றாத வழிக்காவல் எல்லாம் உண்மை. 2022-ல் இந்தியச் சிறைகளில் நிகழ்ந்த ஏறத்தாழ 2,000 மரணங்களில் பத்தில் ஒன்பது பங்கு ‘இயற்கை மரணம்’ என்ற தலைப்பில் பதிவாகியிருக்கிறது. நெஞ்சுவலி என்று மூன்று நாள் சொல்லிப் பார்த்துவிட்டு நான்காம் நாள் செத்தவரும் அந்தத் தலைப்பின்கீழ்தான் வருவார். பெயர் தெரியாத ஏழைக் கைதிகளின் நிலை, செய்தியில் அடிபடுபவர்களின் நிலையைவிட மோசம் என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் பற்றாக்குறை எல்லாவற்றையும் விளக்கிவிடாது. உறிஞ்சுகுழலுக்கு எந்தச் சிறையிலும் பஞ்சம் வராது. அதே தலோஜாவில் 2020 நவம்பரில் பத்திரிகையாளரும் செயற்பாட்டாளருமான கௌதம் நவ்லாக்காவின் மூக்குக்கண்ணாடி காணாமல் போனது. கண்ணாடியில்லாமல் அவருக்குக் கிட்டத்தட்டப் பார்வையே கிடையாது. வீட்டிலிருந்து அஞ்சலில் அனுப்பிய புதுக் கண்ணாடியைச் சிறை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பியது. சிறை அலுவலர்களுக்கு மனிதாபிமானம் குறித்து வகுப்பெடுக்க வேண்டிய நேரம் இது என்ற தொனியில் உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டது. இங்கே அரசுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கி உள்ளே கொடுத்தால் போதும். இப்படிச் செலவில்லாத இடங்களில் நடக்கும் மறுப்பைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். நோக்கம் அங்கேதான் வெளிப்படுகிறது.

கேரளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன் 2020 அக்டோபரில் ஹாத்ரஸ் போகும் வழியில் கைதானார். 2021 ஏப்ரலில் மதுரா சிறையில் கோவிட் கண்டு மயங்கி விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே கட்டிலோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கிறார், கழிப்பறைக்குப் போகக்கூட வழியில்லை என்று அவர் மனைவி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதினார். டெல்லி மருத்துவமனைக்கு மாற்றுமாறு ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எய்ம்ஸுக்குக் கொண்டுபோய், சில நாள்களில் குடும்பத்துக்குத் தெரியாமலே மறுபடி மதுராவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தலையிட்டும் ஒருவாரச் சிகிச்சைதான் கிடைத்தது.

ஈரானுக்குப் போனால் இதே முறை மூடுதிரையின்றி நடப்பதைப் பார்க்கலாம். அரசியல் கைதியை எவின் சிறையிலிருந்து வெளி மருத்துவமனைக்கு அனுப்பச் சிறை மருத்துவரின் பரிந்துரை போதாது, அரசு வழக்கறிஞர் அலுவலகமும் சம்மதிக்க வேண்டும். அதாவது கைதியைக் குற்றம் சாட்டியவரே அவருக்கு ஸ்கேன் தேவையா என்பதையும் சொல்கிறார். சர்வதேச மன்னிப்புச் சபை 2022-ல் வெளியிட்ட அறிக்கையில், 2010 ஜனவரிக்குப் பிறகு ஈரானின் 30 சிறைகளில் மருத்துவம் மறுக்கப்பட்டு இறந்ததாகக் கருதத்தக்க 96 பேரின் விவரங்கள் இருந்தன. அவர்களில் பலர் சாதாரணக் கைதிகள்.

கவிஞரும் ஆவணப்பட இயக்குநருமான பக்தாஷ் அப்தின் ஈரானிய எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர். தணிக்கையை எதிர்த்த அந்தச் சங்கத்தின் வேலைகளுக்காகவே அவருக்கு ஆறாண்டுச் சிறை கிடைத்தது. கோவிட் காலத்தில் அவரை எவின் சிறைக்குள் அடைத்தார்கள். சிறை உடையில், கால் கட்டிலோடு விலங்கிடப்பட்டு, மருத்துவமனையில் அவர் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும் படம் 2021-ல் உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஆண்டு டிசம்பரில் மீண்டும் தொற்று வந்தபோது மருத்துவமனைக்கு மாற்றத் தாமதித்தார்கள். நல்ல மருத்துவமனைக்குக் குடும்பத்தார் போராடி மாற்றியபோது காலம் கடந்திருந்தது. 2022 ஜனவரி 8 அன்று இறந்தார். வயது 47.

நர்கிஸ் முகம்மதியின் கதையில் இன்னொரு கூறு சேர்கிறது. 2023-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் எவினில் இருந்தார். அவருக்கு இதயத்திலும் நுரையீரலிலும் கோளாறு. பரிசு அறிவித்த சில வாரங்களில், அவரை மருத்துவமனைக்குக் கூட்டிச்செல்லச் சிறை மறுத்தது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டால்தான் அனுப்புவோம் என்றார்கள். அவர் போட மறுத்து நவம்பர் 6 அன்று உண்ணாநிலை தொடங்கினார். இங்கே மருத்துவம் பேரம் பேசும் பொருளாகிவிடுகிறது. முக்காடு போடு, உண்ணாநிலையை நிறுத்து, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடு, தொலைக்காட்சியில் ஒப்புக்கொள் என்று நிபந்தனைகள் நாட்டுக்கு நாடு வேறுபடலாம். திருட்டு வழக்கில் உள்ளே போனவரிடம் அரசுக்கு வாங்கவேண்டியது ஒன்றுமில்லை. எழுதுகிறவரிடமும் பேசுகிறவரிடமும் உண்டு. இவர்களைத் தனியாகப் பேசவேண்டியதற்கு இதுதான் காரணம் என்பேன்.

சீனாவில் கவனிக்க வேண்டியது கடைசி நேர மருத்துவமனை. மனித உரிமைச் செயற்பாட்டாளர் சாவ் ஷுன்லி, ஐ.நா.வின் சீனா மீதான மீளாய்வை ஒட்டி ஜெனிவா போகப் புறப்பட்டபோது 2013 செப்டம்பரில் பெய்ஜிங் விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டார். காசநோயும் கல்லீரல் நோயும் இருந்த அவருக்கு மருத்துவப் பிணை கேட்டு வழக்கறிஞர் கொடுத்த மனுக்கள் ஏற்கப்படவில்லை. 2014 பிப்ரவரியில் நினைவிழக்கும் நிலைக்குப் போன பிறகு, அதே அதிகாரிகளே குடும்பத்தைக் கூப்பிட்டு மருத்துவப் பிணைக்கு ஏற்பாடு செய்துகொள்ளச் சொன்னார்கள். மார்ச் 14 அன்று இறந்தார். ஜெனிவா மனித உரிமை மன்றத்தில் அவருக்கு ஒரு நிமிட மௌனம் காக்க முயன்றபோது சீனப் பிரதிநிதிகள் அதைத் தடுத்து, நெடுநேரம் விவாதம் நடந்தது. அந்த விவாதம் நடந்த நேரமே அஞ்சலியாக ஆகிவிட்டது.

சிறையிலிருந்த சீன எழுத்தாளர் லியு சியாவ்போவின் ஈரல் புற்றுநோய் 2017 மே மாதம் கண்டறியப்பட்டபோது முற்றியிருந்தது. 11 ஆண்டுத் தண்டனையில் ஏழாண்டுக்கு மேல் முடித்திருந்தார். மருத்துவப் பரோல் என்று ஷென்யாங் மருத்துவமனைக்கு மாற்றினார்கள், அங்கும் காவல்தான். பார்த்துவிட்டுச் சொல்லும்படி ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சீன அரசே வரவழைத்த இரண்டு மருத்துவர்கள், தகுந்த ஏற்பாட்டுடன் அவரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியும் என்று ஜூலை 9 அன்று எழுத்தில் சொன்னார்கள். சீன மருத்துவர்கள் முடியாது என்றார்கள். ஜூலை 13 அன்று அவர் இறந்தார். அரசு அழைத்து வந்த மருத்துவரின் கருத்தே அரசுக்கு ஒத்துவராதபோது செல்லாமல் போனதை இதில் பார்க்கலாம்.

கிர்கிஸ்தானில் 2010 இனக்கலவரத்தைப் பதிவு செய்த உஸ்பெக் இனப் பத்திரிகையாளர் அசிம்ஜான் அஸ்கரோவுக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். அவரை விடுவிக்க வேண்டும் என்று 2016-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. 2020 ஜூலையில் அவர் நடக்கவும் முடியாமல் ஆனதை வழக்கறிஞர் பகிரங்கமாகச் சொன்னார். ஜூலை 24 அன்று சிறை மருத்துவமனைக்கு மாற்றினார்கள், 25 அன்று இறந்தார். மாற்றிய தேதிக்கும் இறந்த தேதிக்கும் உள்ள தூரம் இத்தகைய கோப்புகளில் எப்போதும் குறுகியது. மரணம் சிறை அறையில் நிகழாமல் மருத்துவமனைக் கட்டிலில் நிகழ்ந்தால், நாங்கள் சிகிச்சை கொடுத்துப் பார்த்தோம் என்று எழுதிவைக்கலாம்.

ரஷ்யாவின் செர்கேய் மாக்னிட்ஸ்கி பத்திரிகையாளர் அல்லர், வரி ஆலோசகர். அரசுப் பணத்தில் நடந்த பெரிய மோசடியை வெளியே கொண்டுவந்து, வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டில் தானே கைதானவர். புதிர்க்கா சிறையில் கணைய அழற்சியால் துடித்தபோது அவர் எழுதிய மனுக்கள் கணக்கில் கொள்ளப்படவில்லை. 2009 நவம்பர் 16 அன்று மருத்துவப் பிரிவு உள்ள வேறொரு சிறைக்கு மாற்றினார்கள். அங்கே தனியறையில் அடைத்தார்கள், அழைக்கப்பட்ட ஆம்புலன்ஸ் மருத்துவர்கள் வெளியே காக்கவைக்கப்பட்டார்கள். 37 வயதில் இறந்தார். சிறை மருத்துவர்மீது போட்ட வழக்கு கால வரம்பால் முடிந்தது, விசாரணைக்கு வந்த ஒரே அதிகாரி விடுதலையானார். இறந்துபோன மாக்னிட்ஸ்கியோ 2013-ல் வரி ஏய்ப்புக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார்! ஆனாலும் இந்தப் பட்டியலில் உலக அரசியலை அசைத்த மரணம் அவருடையது. அமெரிக்கா 2012-ல் அவர் பெயரில் பொருளாதாரத் தடைச் சட்டம் இயற்றியது, வேறு நாடுகளும் தொடர்ந்தன. 2019-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்குப் போதிய மருத்துவம் தரத் தவறியதற்கு ரஷ்யாவைப் பொறுப்பாக்கியது.

துருக்கியில் இந்த அதிகாரம் மருத்துவக் கோட்டு அணிந்து வருகிறது. நோயால் சிறையில் இருக்க இயலாதவரின் தண்டனையைத் தள்ளிவைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நீதித்துறை அமைச்சகத்தின்கீழ் வரும் தடயவியல் மருத்துவ நிறுவனம் அதை உறுதிசெய்ய வேண்டும். குர்து வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான அய்செல் துக்லுக் சிறையில் மறதிநோய்க்கு ஆளானார். பல்கலைக்கழக மருத்துவமனையின் மருத்துவர் குழு, அவர் சிறையில் தனியாக இருக்க முடியாது என்று அறிக்கை கொடுத்தது. இருக்க முடியும் என்றது தடயவியல் நிறுவனம். அவர் வெளியே வர 2022 அக்டோபர் ஆனது.

இனி, எது உதவியது என்று பார்த்தால் பட்டியல் சிறியது. வரவர ராவின் பிணையை உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் நிரந்தரமாக்கியது. நவ்லாக்காவுக்கு அதே ஆண்டு நவம்பரில் வீட்டுக்காவல் கிடைத்தது. ஆனால் மருத்துவப் பிணை என்பது நல்ல வழக்கறிஞரும் விடாத குடும்பமும் பத்திரிகைக் கவனமும் ஒன்றுசேர்ந்தால் திறக்கும் கதவு. டெல்லிப் பேராசிரியர் ஜி.என். சாயிபாபாவோடு தண்டிக்கப்பட்ட கட்சிரோலியின் ஆதிவாசி விவசாயி பாண்டு நரோட்டே 2022 ஆகஸ்டில் நாக்பூர் சிறையில் பன்றிக்காய்ச்சல் கண்டு இறந்தார். நிலைமை கைமீறிய பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள் என்பது வழக்கறிஞர்களின் குற்றச்சாட்டு. இரண்டு மாதம் கழித்து அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது.

நிலையான மாற்றத்துக்கு உருப்படியான முன்மாதிரி ஒன்றுதான் என் கண்ணில் படுகிறது. நோர்வே 1988-ல் சிறை மருத்துவத்தைச் சிறைத் துறையிலிருந்து பிரித்துப் பொது சுகாதார அமைப்பிடம் கொடுத்தது. பிரான்ஸ் 1994-ல் பொது மருத்துவமனைகளிடம் ஒப்படைத்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2006-க்குள் தேசிய சுகாதாரச் சேவைக்கு மாற்றிவிட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவும் 2013-ல் இதையே பரிந்துரைத்தது. இந்த நாடுகளின் சிறைகளில் குறைகளே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வழிக்காவல் பற்றாமல் மருத்துவமனைத் தேதி தவறுவது இங்கிலாந்திலும் உண்டு. ஆனால் மருத்துவரின் சம்பளமும் பதவி உயர்வும் கண்காணிப்பாளரின் கையில் இல்லாதபோது, ‘இவரை உடனே வெளியே அனுப்பு’ என்று எழுத அவருக்குத் துணிச்சல் தேவைப்படாது. வேலையின் ஒரு பகுதியாக எழுதிவிட்டுப் போவார். துருக்கியின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், வேறு அமைச்சகத்துக்கு மாற்றுவது மட்டும் போதாது, அந்த அமைச்சகம் வழக்கு நடத்தும் பக்கத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது என்பதையும் சேர்க்க வேண்டும்.

டெல்லிப் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் ஜி.என். சாயிபாபா போலியோவால் கால்கள் செயலிழந்தவர், 90 சதவீத மாற்றுத்திறனாளி. 2014 மே மாதம் கைதாகி, இடையில் கிடைத்த பிணைக் காலம் போக மற்றதெல்லாம் நாக்பூர் மத்தியச் சிறையில், முட்டை வடிவ அண்டா செல்லில் கழித்தவர். 2022 அக்டோபர் 14 அன்று உயர் நீதிமன்றம் விடுவித்தது. மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை நாளில் கூடிய உச்ச நீதிமன்ற அமர்வு அதை நிறுத்திவைத்தது. அவருடைய உடல்நிலையைக் காட்டிக் கேட்ட வீட்டுக்காவலும் கிடைக்கவில்லை. 2024 மார்ச் 5 அன்று இரண்டாம் முறை விடுதலை. கைதின்போது இழுத்ததில் இடது கை செயலிழந்துவருவதையும், இதயமும் பித்தப்பையும் கெட்டுப்போனதையும், எழுதிக்கொடுத்த சிகிச்சைகள் தரப்படாததையும் வெளியே வந்து பேசினார். ஏழு மாதம் கழித்து, அக்டோபர் 12 அன்று, பித்தப்பை அறுவைக்குப் பின்னான சிக்கலில் ஹைதராபாத்தில் இறந்தார்.

காவலில் ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005-ல் கொண்டுவந்த திருத்தம் முதல் இருந்துவரும் விதி. ஸ்டேன் சுவாமிக்கு அந்த விசாரணை இருந்தது. இறக்கும்போது சாயிபாபா யார் காவலிலும் இல்லை. குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்ட ஒரு குடிமகன், மருத்துவமனையில், அறுவைக்குப் பிறகு இறந்தார் என்பதே ஆவணம். அதனால் அவருடைய மரணத்தை விசாரிக்க எந்த நடுவரும் தேவைப்படவில்லை. அந்த ஆண்டின் சிறைப் புள்ளிவிவரத்திலும் அது சேராது.